ஏழைக்கு விற்றால் ஏழ்மை தீருமா?

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டைக் காட்டி, ஏழைகளைக் கைதூக்கிவிட்ட புரட்சி இதுதான் என்று வணிகக் கல்லூரிகளில் பாடம் நடக்கிறது. ஏழைக்கு ஏற்ற விலையில் விற்றால் லாபமும் வரும், வறுமையும் ஒழியும் என்ற நம்பிக்கை அது. அதற்குக் கல்விப்புல அந்தஸ்து வாங்கிக் கொடுத்தவர் சி.கே. பிரகலாத்.

கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, அகமதாபாத், ஹார்வர்டு வழியாக மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். நிறுவனங்களின் மையத் திறன் பற்றி கேரி ஹேமலுடன் அவர் 1990இல் எழுதிய கட்டுரை இன்றும் நிற்கிறது. சிக்கல், 2004இல் வந்த ‘த ஃபார்ச்சூன் அட் த பாட்டம் ஆஃப் த பிரமிட்’ நூலில். 400 கோடி ஏழைகள், 13 லட்சம் கோடி டாலர் சந்தை என்றது அந்த வாதம்.

அதே மிச்சிகனில் பணியாற்றிய அனில் கர்னானி 2007இல் கணக்கைத் திரும்பப் போட்டார். பிரகலாதின் தொகை, உள்ளூர் விலையில் வாங்கும் திறனை வைத்துப் போட்டது. லாபத்தை டாலராக மாற்றி ஊருக்கு எடுத்துப்போகும் கம்பெனிக்கு அது உதவாது. நாணய மாற்று விகிதத்தில் பார்த்தால் 30,000 கோடி டாலர்கூடத் தேறாது என்றார் கர்னானி.

பாக்கெட்டும் பேராசிரியர் கண்டுபிடித்ததல்ல. கடலூர் சின்னி கிருஷ்ணன் அதற்கு வெகு முன்பே ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்றவர். அன்றாடங்காய்ச்சிக்கு அது வசதி, சந்தேகமில்லை. அதனால் அவர் கூலி ஒரு பைசா ஏறியதா? காலி உறைதான் சாக்கடையை அடைக்கிறது.

பிரகலாதின் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்தப்படுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. பணி ஓய்வுக்குப் பின் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு அறுவை மேசைகள். ஒருவருக்குச் சிகிச்சை முடிவதற்குள் அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். 1992 முதல் அவர்களுடைய ஆரோலாப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தானே செய்து விலையை அடித்து இறக்கியது. வசதியுள்ளவர் கட்டும் பணத்தில் இல்லாதவருக்கு இலவச சிகிச்சை. நடத்துவது லாபநோக்கற்ற அறக்கட்டளை. ஏழையிடம் செல்வம் இருக்கிறது என்பதற்கு இதுவா சாட்சி?

ஏழையை வாங்குபவராக அல்ல, உற்பத்தியாளராகப் பாருங்கள் என்கிறார் கர்னானி. குஜராத்தில் அமுல் செய்தது அதைத்தான்: சிறு விவசாயியிடம் பால் வாங்கியது, காசு கொடுத்தது. வணிகக் கல்லூரிகள் முதலில் நடத்த வேண்டிய பாடம் அது. அரவிந்தின் பெயரைச் சொல்லி ஷாம்பு விற்பதை அவை இனியாவது நிறுத்தட்டும்.