ராட்டினம் ஏறினா உங்களுக்கு என்ன நஷ்டம்?

முதல்லயே சொல்லிடறேன், இது பயணக் கட்டுரை கிடையாது. "காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், வழியில இட்லி சாப்பிட்டோம்" வகையறாவை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இது எங்க பெரியம்மாவோடயும், எங்க கிளாஸ்ல இருக்கற ஒரு அறிவுஜீவியோடயும் நான் போடற சண்டை. கொஞ்சம் என்னோடயும்.

விஷயம் இதுதான். தை மாசம் எங்க அக்காவுக்கு திண்டிவனத்துல கல்யாணம். மாமா விழுப்புரத்துல ஒரு தனியார் கம்பெனியில கணக்கு எழுதறார். மாசியில ரெண்டு பேரும் நாலு நாள் லீவு போட்டு பைக்ல ஒரு டூர் அடிச்சாங்க. முதல் நாள் திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல 2025 டிசம்பர்ல திறந்தாங்களே, அந்த வொண்டர்லா. ரெண்டாவது நாள் ஈசிஆர்ல விஜிபி. அப்புறம் கடலை இடது பக்கம் வச்சிக்கிட்டே மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம், மரக்காணம், புதுச்சேரி. அங்கேர்ந்து திண்டிவனம். அவ்ளோதான்.

வந்து இறங்கின அன்னைக்கு ராத்திரி பெரியம்மா ஆரம்பிச்சாங்க. "ஏண்டி, தாலி கட்டிக்கிட்டவ ராட்டினம் ஏறிட்டு வந்திருக்க. திருவண்ணாமலை போயிருந்தா கிரிவலமாவது ஆகியிருக்கும். காசைக் கொண்டுபோய் தண்ணியில கொட்டிட்டு வந்திருக்கீங்க." (வாட்டர் தீம் பார்க் என்பதால் இது ஒருவகையில உண்மைதான். பெரியம்மாவுக்கே தெரியாம நல்ல ஜோக்!)

மறுநாள் ரயில்ல இதை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். மயிலம் தாண்டி பேரணி வர்றதுக்குள்ள நம்ம அறிவுஜீவி வாயைத் திறந்துட்டான். தீம் பார்க் எல்லாம் கார்ப்பரேட் தயாரிக்கற போலி சந்தோஷமாம். நிஜப் பயணம்னா மண்ணையும் மக்களையும் பாக்கணுமாம். விக்கிரவாண்டி வரைக்கும் பேசினான். எனக்கு கோபம் வந்ததுக்குக் காரணம், போன வருஷம் கிட்டத்தட்ட இதே டயலாக்கை நானும் பேசியிருக்கேன். அப்ப என்கூட கல்யாணமான ஒரு பொண்ணு உக்காந்து பேசியிருக்கல, அதான் விஷயம்.

முதல்ல பெரியம்மாவோட கேஸை எடுத்துக்கறேன், ஏன்னா அது கணக்கு கேஸ், நான் பி.காம்.

டூர் செலவு 14,200 ரூபாய். மாமா கணக்குப்பிள்ளை இல்லையா, பெட்ரோல், பார்க்கிங், சுண்டல் வரைக்கும் நோட்டுல எழுதி வச்சிருக்கார். இப்ப கல்யாணச் செலவைப் பாருங்க. மண்டபம் 1,10,000. ட்ரோன் வீடியோ, ஆல்பம் 75,000. மேடை அலங்காரம் 60,000. இந்த மூணு மட்டும் 2,45,000. சாப்பாடு, நகை, துணி எதையும் நான் சேர்க்கவே இல்ல. இந்த மூணுல டூர் செலவு ஆறு சதவீதம்கூட வராது. அந்த ரெண்டே கால் லட்சத்துச் சொச்சத்தையும் செலவு பண்ணினது ஊர்க்காரங்க பாக்கறதுக்கு. 14,200 செலவு பண்ணினது அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதுக்கு. எதை "வீண்"னு சொல்றோம் பாருங்க! ட்ரோன் எங்க தலைக்கு மேல பறந்தப்ப பெரியம்மா முந்தானையைச் சரிபண்ணிக்கிட்டு சிரிச்சாங்க, அதையும் நான் பாத்தேன்.

இந்த எண்ணம் பெரியம்மாவுக்கு மட்டும் இருந்தா பரவாயில்ல. அரசாங்கத்துக்கும் இருக்கு. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ பொழுதுபோக்குப் பூங்கா டிக்கெட்டுக்கு எவ்ளோ வரி தெரியுமா? 28 சதவீதம். சிகரெட், சொகுசு கார் உக்காந்திருந்த வரிசை அது. 2018 ஜனவரியில 18 ஆக்கினாங்க. லாட்ஜ் ரூமுக்கு, 7,500 ரூபாய் வரைக்கும், 2025 செப்டம்பர் 22லேர்ந்து வரி 5 தான். படுத்துத் தூங்கினா 5, சிரிச்சிக்கிட்டே கத்தினா 18. இதை டாக்ஸேஷன் கிளாஸ்ல கேட்டேன், "சிலபஸ்ல இல்லாததைக் கேக்காத"ன்னு பதில் வந்துச்சு :)

சரி, அடுத்து அறிவுஜீவி. இவன்கூடதான் எனக்கு உண்மையான சண்டை.

தம்பி, எங்க அக்கா ஏன் தீம் பார்க் போனான்னு உனக்குத் தெரியுமா? அவ புகுந்த வீட்டுல ரெண்டு ரூம், ஆறு பேரு. காலையில அஞ்சரைக்கு எழுந்தா ராத்திரி பத்தரை வரைக்கும் யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்காங்க. நல்லவங்கதான், குறை சொல்லல. ஆனா கல்யாணமாகி ஒரு மாசத்துல மாமாகிட்ட மொத்தமா எவ்ளோ நேரம் தனியா பேசியிருப்பேன்னு அவளே ஒருநாள் கணக்குப் போட்டுப் பாத்துட்டு சிரிச்சா. சிரிப்பா அதுன்னு எனக்குத் தெரியல.

பார்க்ல ஒரு ரோலர் கோஸ்டர், காலுக்குக் கீழ தரையே இல்லாம தொங்கிக்கிட்டு ஓடும். அக்கா ஏறினா. மாமா பையைப் பிடிச்சிக்கிட்டு கீழ நின்னுட்டார் (இதை அவர் இன்னும் ஒத்துக்கல). ஆனா அவ சொன்னது ராட்டினத்தைப் பத்தி இல்ல. வரிசையைப் பத்தி. "ரொம்ப நேரம் வரிசையில நின்னோம்டி. நான் அவர் தோள்ல சாஞ்சிக்கிட்டு நின்னேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல." இதைச் சொல்லும்போது அவ முகத்தைப் பாத்திருக்கணும். வரிசையில நிக்கறதைப் போய் இவ்ளோ சந்தோஷமா சொல்ற ஆளை நான் பாத்ததே இல்ல.

இப்ப இதுக்கு எதிர்ப்பக்கத்தைக் கேளு. ரெண்டாவது நாள் சாயங்காலம், ஒரு கடற்கரை. ஊர் பேர் வேணாம். டிக்கெட் இல்லாத, எல்லாருக்கும் சொந்தமான, நீ சொல்ற அந்த நிஜமான கடற்கரை. ஆறரை மணி இருக்கும், இருட்டக்கூட இல்ல. ரெண்டு பேரும் ஒரு படகு ஓரமா உக்காந்து சோளம் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. ஒருத்தர் கையில குச்சியோட வந்து நின்னார். "யாரு நீங்க? புருஷன் பொண்டாட்டியா? ப்ரூஃப் இருக்கா?"

அக்கா துப்பட்டாவுக்கு உள்ளேர்ந்து தாலியை எடுத்து வெளிய காட்டினா. மஞ்சள்கூட இன்னும் போகாத கயிறு. மாமா செல்போன்ல கல்யாண ஃபோட்டோவைத் தேடிக் காட்டினார். (75,000 ரூபாய் ஆல்பம் அப்பதான் உபயோகப்பட்டுச்சு!) அந்த ஆள் ஃபோட்டோவையும் முகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "சரி சரி, நேரத்தோட கிளம்புங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். இதை அக்கா அம்மாகிட்ட சொல்லல, என்கிட்ட மட்டும்தான் சொன்னா. அவகிட்ட கேட்டுட்டுத்தான் இங்க எழுதறேன்.

"அதான் புருஷன் பொண்டாட்டின்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்கல்ல"ன்னு சிலர் சொல்வீங்க. அங்கதான் எனக்கு இன்னும் எரியுது. தாலி இல்லாம இருந்திருந்தா? கட்டிக்கப் போறவங்களா இருந்திருந்தா? ஒண்ணா வேலை பாக்கறவங்களா இருந்திருந்தா? மேஜரான ரெண்டு பேர் கடலைப் பாத்து உக்காந்திருக்கறது எந்தச் சட்டத்துல குத்தம்? கல்யாணமாகாத ஜோடி ஹோட்டல்ல ஒரே ரூம்ல தங்கறதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லைன்னு சென்னை உயர்நீதிமன்றமே 2019 டிசம்பர்ல சொல்லியாச்சு. அது கோயம்புத்தூர்ல ஒரு விடுதிக்கு சீல் வச்ச வழக்கு. நாலு சுவத்துக்குள்ள தங்கறதே தப்பில்லைன்னா, திறந்த வெளியில சோளம் தின்னறது தப்பா?

ஆக, அக்கா ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினது ராட்டினம் இல்லடா. "ப்ரூஃப் இருக்கா"ன்னு கேக்காத ஒரு முழு நாள். அதை விக்கறவன் லாபத்துக்குத்தான் விக்கறான், எனக்கும் தெரியும். நாங்க படிக்கறதே அதைத்தான். உள்ள சாப்பாட்டு விலை எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம். ராட்டினம் நூத்துக்கு நூறு பத்திரம்னும் நான் சொல்லல. 2025 மே மாசம் ஈசிஆர்ல ஒரு பூங்காவுல ராட்டினம் உச்சியில நின்னுபோய், 30 பேரை தீயணைப்பு வண்டி வந்து இறக்கினதை எல்லாரும் டிவியில பாத்தோம். அதையெல்லாம் திட்டு, நானும் கூட வந்து திட்டறேன். ஆனா டிக்கெட் வாங்கினவங்களைக் கிண்டல் பண்றது வேற. இலவசமா கிடைக்க வேண்டியதை நாம கொடுக்கல. காசு கொடுத்து வாங்கினா, "போலி சந்தோஷம்"னு சொல்லிடறோம்.

விஜிபின்னு சொன்னதும் ஒரு குட்டி விஷயம். வி.ஜி.பன்னீர்தாஸ் ஆளுங்க பேர் வாங்கினதே தவணை வியாபாரத்துலதான். வாட்ச், ரேடியோ, ஃபேன்னு மொத்தமா காசு இல்லாத குடும்பங்களுக்கு மாசத் தவணையில வித்தாங்க. எங்க தாத்தா வீட்டு ஃபேனும் ஏதோ ஒரு தவணையில வந்ததுதான்னு அப்பா சொல்வார். சந்தோஷத்தை மொத்தமா வாங்க முடியாத ஜனம் நாங்க, துண்டு துண்டாத்தான் வாங்குவோம். அங்க வாசல்ல ஆடாம அசையாம நிக்கற சிலை மனுஷனைச் சிரிக்க வைக்க மாமா கால் மணி நேரம் முயற்சி பண்ணி தோத்துப் போனாராம். "எங்க ஆஃபீஸ் மேனேஜர் மாதிரியே இருந்தார்"னு சொன்னார்.

இன்னொண்ணு. மண்ணையும் மக்களையும் பாக்கணும்னு சொன்னியே, அவங்க பாத்துட்டுத்தான் வந்தாங்க. கடப்பாக்கத்துல ஆலம்பரைக் கோட்டைக்குப் போனாங்க. நவாபு காலத்துக் கோட்டை, 1750ல பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு, 1760ல இங்கிலீஷ்காரங்க பிடிச்சு இடிச்சாங்க, மிச்சம் இருந்ததுல கொஞ்சத்தை 2004 சுனாமி பாத்துக்கிச்சு. உடைஞ்ச செங்கல் சுவர், முன்னால கழிமுகம், தூரத்துல கடல். ஒரு பைசா டிக்கெட் இல்ல. அங்கேர்ந்து கிளம்பி மரக்காணம் வர்ற வரைக்கும் அக்கா பாத்ரூம் தேடிக்கிட்டே வந்திருக்கா. கடைசியில ஒரு மெஸ் வச்சிருக்கற அம்மா, "வாம்மா, வீட்டுக்குப் பின்னால இருக்கு"ன்னு கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. அந்த அம்மா மட்டும் இல்லைன்னா, கிழக்குக் கடற்கரைச் சாலையோட அழகைப் பத்தி அக்கா என்ன சொல்லியிருப்பான்னு யோசிச்சுப் பாரு.

மரக்காணம் எங்க மாவட்டம். தமிழ்நாட்டுல உப்புக்குப் பேர்போன ஊர்கள்ல ஒண்ணு. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இதுதான்னு அறிஞர்கள் சொல்றாங்க. பக்கத்துல கழுவேலி, 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க. ஆனா விழுப்புரத்துல பத்து பேரைக் கேட்டா ஒன்பது பேருக்கு மரக்காணம்னா 2023 மே மாசம் எக்கியார்குப்பத்துல நடந்த விஷச்சாராயச் சாவுதான் ஞாபகம் வரும். ஈசிஆர் டூர் போற ஜனத்துக்கோ மாமல்லபுரத்துக்கும் பாண்டிக்கும் நடுவுல இருக்கறது எல்லாம் வெறும் ரோடு.

அக்கா, மாமா உப்பளத்துக்கிட்ட வண்டியை நிறுத்தியிருக்காங்க. வெயில்ல வெள்ளை வெள்ளையா பாத்தி, கரையில கீத்து போட்டு மூடின உப்புக் குவியல். ஒரு அம்மா தலையில கூடையோட வரப்புல நடந்துக்கிட்டு இருந்தாங்களாம். "கொஞ்சம் நடந்தாலே கண்ணு கூசுது, இவங்க காலையிலேர்ந்து நிக்கறாங்கடி"ன்னு சொன்னா. கழுவேலி பக்கம் தூரத்துல இளஞ்சிவப்பா ஒரு கோடு மாதிரி பூநாரைங்க. மாமா விழுப்புரத்துலயே பொறந்து வளர்ந்தவர், இருபத்தெட்டு வயசுல முதல் தடவையா பாக்கறார். அக்கா எங்களுக்குக் கதை சொன்னப்ப ராட்டினத்துக்கு பத்து நிமிஷம், உப்பளத்துக்கு அரை மணி நேரம் ஆச்சு. தீம் பார்க் போனா மூளை மழுங்கிடும்னு சொன்ன நம்ம அறிவுஜீவியை அன்னைக்கே கேட்டேன், "நீ மரக்காணம் போயிருக்கியாடா?"ன்னு. முண்டியம்பாக்கம் வரைக்கும் ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே வந்தான்.

நானும் போனதில்ல. அதையும் சொல்லிடறேன். திண்டிவனத்துலேர்ந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் போல இருக்கும். அதைவிட மூணு மடங்குக்கும் மேல தூரத்துல இருக்கற சென்னைக்கு ரயில் இருக்கு, பஸ் இருக்கு, ராத்திரி எத்தனை மணிக்கும் திரும்பி வரலாம். ஈசிஆர் ஓரமா சென்னையிலேர்ந்து கடலூர் வரைக்கும் ரயில் விடறோம்னு சொல்லி இருபது வருஷம் ஆகுது, ஒரு தண்டவாளத்தைக்கூடக் காணோம். ரோட்டை மட்டும் நாலு வழி ஆக்கறாங்க, வேகமா தாண்டிப் போறதுக்கு. எனக்கு நாலு வழி வேணாம், நாலு பாத்ரூம் போதும். கதவுல தாழ்ப்பாளோட. அப்புறம் ஒரு நிழற்குடை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல திரும்பி வர ஒரு பஸ், குச்சி இல்லாத ஒரு கடற்கரை. இதுல எதுக்கும் 611 கோடி ஆகாது (வொண்டர்லாவுக்கு ஆன முதலீடு அவ்ளோன்னு பேப்பர்ல படிச்சேன்).

பெரியம்மாவுக்கு நேத்து ஃபோட்டோ எல்லாம் காட்டினேன். உப்பளம், கோட்டை எல்லாத்தையும் வேகமா தள்ளிட்டு, அக்கா ராட்டினத்துல வாயைத் திறந்துக்கிட்டு கத்தற ஃபோட்டோவுல நிறுத்தினாங்க. கொஞ்ச நேரம் பாத்தாங்க. "நானும் உங்க பெரியப்பாவும் கல்யாணமான புதுசுல மேல்மலையனூர் போனோம். அவரோட அம்மா, தங்கச்சி, மச்சான் எல்லாரும் வந்தாங்க"ன்னு சொன்னாங்க. வேற எதுவும் சொல்லல. ஃபோனைக் கொடுத்துட்டு அரிசி களையப் போயிட்டாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க அஞ்சு பேர் மரக்காணம் போறோம். அறிவுஜீவியும் வர்றான். மெஸ் வச்சிருக்கற அம்மா வீடு எங்கன்னு அக்காகிட்ட கேட்டு எழுதி வச்சிக்கிட்டேன்.