புதுப்பிக்கப்படுவது அட்டை மாத்திரமா?

2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்ல பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்ததில் 20இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் நேர்ந்த மற்றொரு பஸ் விபத்து 15 உயிர்களைப் பறித்தது. இவற்றின் காரணங்களைத் தீர்மானிப்பது நமது பணியன்று. ஆயினும், இத்தகைய அனர்த்தங்களின் பின்னர் வாகனத்தின் தகுதியும் வீதியின் தகுதியும் பேசப்படுமளவிற்குச் சாரதியின் பயிற்சி பேசப்படுவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டியே ஆக வேண்டியுள்ளது.

இந்நாட்டில் இலகு வாகன அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகளுக்கும் கனரக வாகன அனுமதிப்பத்திரம் 4 ஆண்டுகளுக்கும் ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. அதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படுகின்றது. கண் பார்வை சோதிக்கப்படுகின்றது. அக்கண் வீதியில் எதைக் கவனிக்கின்றது என்பதை எவரும் சோதிப்பதில்லை. இருபது வயதில் ஒருமுறை ஓட்டிக் காட்டியவர் அறுபது வயதிலும் அதே தேர்ச்சியுடன் இருப்பதாகவே சட்டம் கருதிக்கொள்கின்றது.

ஆனால் வீதிகள் அப்படியே இருக்கவில்லை. தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டது 2011 நவம்பரில். அதற்கு முன்னர் அனுமதிப்பத்திரம் பெற்ற எவரும் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், முன்செல்லும் வாகனத்துக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டுமென்பதை இந்நாட்டு வீதியில் பயின்றிருக்க வாய்ப்பில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின், புதிய தொழில்நுட்பங்கள் பொருந்திய வாகனங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சில்லுகள் இறுகிவிடாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு இயங்கும்போது மிதி காலின் கீழ் அதிரும். அதனை அறியாதவர் ஏதோ பழுதென எண்ணிக் காலை எடுத்துவிடுகின்றார். அழுத்திப் பிடிக்க வேண்டிய கணம் அதுதான்.

யாழ்ப்பாணத்திலோ கல்முனையிலோ சமதரையில் பழகியவர், விடுமுறைக்குக் குடும்பத்தை வானில் ஏற்றிக்கொண்டு நுவரெலியா செல்கின்றார். இறக்கத்தில் கியரைக் குறைத்து இயந்திரத்தின் இழுவையால் வேகத்தை அடக்க வேண்டும். இடைவிடாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறி வலுவிழந்துவிடும். இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வளைகுடா நாடுகளில் பத்தாண்டுகள் வீதியின் வலப்புறமாக ஓட்டிப் பழகித் திரும்பும் நம்மவர்களின் நிலையும் இத்தகையதே. கை பழகிவிட்டது, ஆனால் வேறு வீதிக்குப் பழகிவிட்டது. நீண்டகாலம் வாகனத்தைத் தொடாதிருந்த பெண்கள் பலர், மீண்டும் பயிற்சிக்குச் செல்வதை வெட்கமாகக் கருதுவதையும் நாம் காண்கின்றோம்.

பிரித்தானியாவில் பஸ், லொறிச் சாரதிகள் 5 ஆண்டுகளுக்குள் 35 மணித்தியாலப் பயிற்சியை முடித்தாக வேண்டும். இறுதியில் பரீட்சையில்லை, வருவதும் கற்பதுமே நிபந்தனை. அங்கு சாதாரண சாரதிகள் தாமாக முன்வந்து உயர்நிலைப் பயிற்சி பெறும் வழக்கமும் 1950கள் முதல் நிலவி வருகின்றது.

எனினும், பயிற்சி என்றாலே நன்மை என்று கொள்வதற்கில்லை. நோர்வேயில் வழுக்கும் பாதையில் வாகனத்தைக் கட்டுப்படுத்தும் வித்தையைக் கட்டாயமாகக் கற்பித்தபோது, இளம் ஆண் சாரதிகள் அத்தகைய பாதைகளில் கூடுதலாகவே விபத்துக்குள்ளாகினர். வித்தை தெரியும் என்ற துணிச்சலே அவர்களுக்கு வினையானது. எனவே, சாகசத்தையன்றி அவதானத்தையே மீள்பயிற்சி கற்பிக்க வேண்டும். தூரத்தை மதிப்பிடுவது, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைப்பது, நித்திரை வரும்போது வாகனத்தை நிறுத்துவது ஆகியன வீரமாகத் தெரியாதவை. உயிரைக் காப்பவை அவையே.

ஆண்டுதோறும் 2,000இற்கும் மேற்பட்டோர் வீதிகளில் மடியும் நாட்டில், மருத்துவச் சான்றிதழுடன் ஒருநாள் பயிற்சியையும் சேர்க்குமாறு கோருவது மிகையாகாது. கனரக வாகனங்களிலிருந்தும் பயணிகள் பஸ்களிலிருந்தும் அதனைத் தொடங்கலாம். நடைமுறையில் தடையாக இருக்கப்போவது பாடத்திட்டமல்ல, பணமே. தனியார் பஸ் சாரதிகள் பலர் நாளாந்த வசூலை நம்பி வாழ்பவர்கள். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கினால் அன்றைய வீட்டுச் செலவு நின்றுவிடும். அந்த ஒருநாள் கூலியை உரிமையாளர் கொடுப்பதா, அரசாங்கம் கொடுப்பதா என்பதைப் போக்குவரத்து அமைச்சு முதலில் தீர்மானிக்கட்டும். அதைத் தீர்க்காமல் வெளியிடப்படும் எந்த வர்த்தமானி அறிவித்தலும் சாரதிகளின் தலையில் மற்றுமொரு கட்டணமாகவே போய் முடியும்.