நோய் விடுப்பு: கூலியா, சுகாதாரமா?

காய்ச்சலோடு ஓட்டலில் பரிமாறுகிறவரிடம் 'வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்' என்று சொல்வது எளிது. அன்றைய சம்பளம் போய்விடுமே என்பதுதான் அவருடைய கவலை. தனியார் துறைத் தொழிலாளர் அனைவருக்கும் சம்பளத்துடன் நோய் விடுப்பைக் கட்டாயமாக்கும் தேசியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. எனவே நகரங்கள் தாமே முன்வந்தன. 2006-ல் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் வழிகாட்டினார்கள். ஆனால், ஒரு நகராட்சிக்கு இந்த அதிகாரம் உண்டா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் மாநிலத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்கின்றன.

பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரம் 2015-ல், 35 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர விடுப்பு என்று விதித்தது. உணவக, விடுதி உரிமையாளர் சங்கம் நீதிமன்றம் சென்றது. மாநிலச் சட்டம் வெளிப்படையாக அனுமதித்தால் தவிர, அங்குள்ள தன்னாட்சி நகரங்கள் வணிகர்கள் மீது கடமைகளைச் சுமத்த முடியாது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் நகரத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. 2019 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் அதை மாற்றியது. நோய்த் தடுப்புக்கான மாநிலச் சட்டம் நகரத்துக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது என்றது.

டெக்சாஸில் ஆஸ்டின் நகரம் 2018-ல் இதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது. வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில் மாநில அரசும் சேர்ந்துகொண்டது. வேலை செய்யாத மணிக்கும் சம்பளம் தந்தால், வேலை செய்த மணிக்கான கூலி உயர்கிறது. அப்படியானால் இது கூலி நிர்ணயம்தான். அதைச் செய்ய மாநிலக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நகரங்களை அனுமதிக்காது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் நோயும் இல்லை, அவர் பரிமாறும் உணவை உண்பவர்களும் இல்லை.

முதலாளிகள் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஊருக்கொரு விதி என்றால் சிறு கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். அதற்கு மாநிலமே பொதுவான சட்டம் இயற்றலாம். டெக்சாஸ் அதையும் செய்யவில்லை.

பிட்ஸ்பர்க்கில் விதி நடைமுறைக்கு வந்த நாள் 2020 மார்ச் 15. கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம். அதே மாதம் 30-ஆம் தேதி, டெக்சாஸின் டல்லாஸ் நகரம் கொண்டுவந்த நோய் விடுப்பு விதிக்கு ஃபெடரல் நீதிமன்றம் தடை விதித்தது. ஜூன் மாதம் ஆஸ்டினின் மேல்முறையீட்டை விசாரிக்க டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.