தெருநாய்க் கணக்கில் விட்டுப்போன கழுகு

ரெயில் நிலையம், பஸ் நிலையம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு அரங்கம் ஆகிய இடங்களில் இருந்து தெருநாய்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2025-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பிடிபட்ட நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது.

அதே ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி, டெல்லி வட்டாரத்து தெருநாய்கள் அனைத்தையும் 8 வாரத்தில் பிடித்து அடைக்கும்படி 2 நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். 22-ந் தேதி 3 நீதிபதிகள் அதை மாற்றினார்கள். வெறிநாயையும் கடிக்கும் நாயையும் தவிர மற்றவற்றை ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பழைய இடத்திலேயே விடலாம் என்றார்கள். மூன்று மாதத்துக்குள் மூன்று உத்தரவு!

நாய்க்குச் சோறு வைப்பவர்கள் ஒரு பக்கமும், கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் மறு பக்கமும் நின்று வாதாடுகிறார்கள். பெற்றோரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவில் வெறிநாய்க்கடி நோயால் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் சாகிறார்கள். ஊசி போட்டால் பிழைக்கக்கூடிய நோய் இது. ஆனால் நாய் எதனால் பெருகுகிறது, எதனால் குறைகிறது என்பதை இரண்டு தரப்பும் பேசக் காணோம். அது வாதத்தில் தீருகிற விஷயம் அல்ல. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

இந்தக் கணக்குக்கு 100 வயது ஆகிறது. முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. மீன் பெருகி இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் வலையில் விழுந்ததில் சுறா போன்ற, மற்ற மீனைத் தின்னும் மீன்களின் பங்குதான் கூடி இருந்தது. இது ஏன் என்று வோல்ட்டெரா என்ற இத்தாலியக் கணித மேதை 1926-ல் சமன்பாடு எழுதிக் காட்டினார். அதற்கு ஓர் ஆண்டு முன்பே லோட்கா என்பவர் அமெரிக்காவில் அதே சமன்பாட்டை அச்சிட்டுவிட்டார். லோட்கா ஆயுள் இன்சூரன்சு கம்பெனியில் புள்ளிவிவரம் பார்த்தவர். நம்மைப் போல ஆபீசில் உட்கார்ந்து பேரேடு பார்த்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

சமன்பாட்டின் சாரம் சுலபமானது. எத்தனை பிறக்கிறது, எத்தனை சாகிறது, ஒன்றின் சாவு இன்னொன்றுக்கு எவ்வளவு தீனி ஆகிறது என்பதுதான். நம் நாட்டில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகின் கதையைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

கழுகு எங்கே போயிற்று?

தண்டவாளத்தில் மாடு அடிபட்டுக் கிடந்தால் ஒரு மணி நேரத்தில் கழுகுக் கூட்டம் இறங்கி எலும்பை மட்டும் விட்டுப் போகும் என்று பழைய கார்டுகள் சொல்வார்கள். மும்பை மலபார் ஹில்லில் பார்சி மக்கள் தங்கள் பிரேதங்களைக் கழுகுக்குத்தான் வைத்தார்கள். இப்போது அங்கே சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். நம் திருக்கழுக்குன்றத்தில் பூசாரி கையால் பிரசாதம் வாங்கித் தின்ற கழுகுகளும் வருவதில்லை.

ராஜஸ்தான் பரத்பூர் சரணாலயத்தில் 1987-88-ல் 353 கழுகுக் கூடுகள் இருந்தன. பத்து ஆண்டில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இதைக் கவனித்து எழுதினார். நாடு முழுவதும் பார்த்தபோது 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுக் கழுகு 99.9 சதவீதம் அழிந்து இருந்தது. ஆயிரத்தில் ஒன்றுதான் மிச்சம்.

காரணம் 2004-ல் வெளிவந்தது. பாகிஸ்தானில் செத்த கழுகுகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், டைக்ளோபினாக் என்ற வலி மருந்துதான் எமன் என்று கண்டார்கள். மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால் நம் ஆட்கள் போட்டுக்கொள்கிறார்களே, அதே மருந்துதான். 1990-களில் மலிவாகக் கிடைத்ததும் மாட்டுக்கும் போட்டார்கள். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்தால் மருந்து இறைச்சியில் தங்கிவிடும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும்.

சந்தேகப்பட்டவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஊர் மாடுகள் எல்லாவற்றுக்குமா ஊசி போடுகிறார்கள்? எங்கோ ஒன்றிரண்டு மாட்டுக்குப் போட்டதால் லட்சக்கணக்கான கழுகு எப்படிச் சாகும்?

இதற்கு அதே 2004-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ரைஸ் கிரீனும் அவருடைய சகாக்களும் கணக்கில் பதில் சொன்னார்கள். நூறு செத்த மாட்டில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த அழிவு நடக்கும் என்றார்கள். வாசகர்கள் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். கழுகு மூன்று நாளைக்கு ஒரு முறை தின்கிறது. ஆண்டுக்கு 120 சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். 200 மாட்டில் ஒன்றில்தான் விஷம். ஒரு சாப்பாட்டில் தப்பிக்க 99.5 சதவீத வாய்ப்பு. பயமே வேண்டாம் போல இருக்கிறது. ஆனால் 0.995-ஐ 120 முறை பெருக்குங்கள். 0.55 வருகிறது! ஆண்டு முடிவில் 100 கழுகில் 55 தான் மிச்சம். அடுத்த ஆண்டு 30. பிறகு 16. பிறகு 9. ஐந்தாம் ஆண்டு 5.

பிறப்பால் இதை ஈடுகட்ட முடியாது. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு பெரிதாகி முட்டையிடச் சுமார் 5 ஆண்டு ஆகும். மெதுவாகப் பெற்று நெடுநாள் வாழும் பிராணி அது. சாவு சற்றே கூடினாலும் தாங்காது. பின்னர் இந்தியாவில் செத்த மாடுகளைச் சோதித்தபோது நூற்றில் சுமார் 10-ல் இந்த மருந்து இருந்தது. கணக்குக் கேட்டதைவிடப் பல மடங்கு!

விட்டுப்போன தீனி

கழுகு போனாலும் செத்த மாடு போகவில்லை. ஊருக்கு வெளியே அது நாறிக் கிடந்தது. தின்ன நாய் வந்தது. 1992-க்கும் 2003-க்கும் இடையே நாட்டில் நாய் எண்ணிக்கை குறைந்தது 55 லட்சம் கூடியது என்று 2008-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கூடுதல் நாய்க்கடியால் 47 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்திருக்கலாம் என்றும் அது சொன்னது. 2024-ல் இரண்டு பொருளாதார நிபுணர்கள், நாய்க்கடி மட்டும் இல்லாமல் கெட்ட தண்ணீர், நோய் எல்லாவற்றையும் சேர்த்து, 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் உயிர் என்று மதிப்பிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு தாதர் பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் நாய் கழுகு போனதால் வந்தது என்று சொன்னால் தப்பு. நகரத்து நாய்க்கு நகரத்துக் குப்பைதான் தீனி. கால்நடைக் கணக்கெடுப்பில் 2012-ல் 1 கோடியே 71 லட்சமாக இருந்த தெருநாய் 2019-ல் 1 கோடியே 53 லட்சம் ஆனது என்பதையும் மறைக்கக் கூடாது. கழுகு சொல்லித் தருவது வேறு. கழுகு சாவால் குறையும். நாய் அப்படிக் குறையாது. தீனி இருக்கிற வரைக்கும் பிறப்பால் நிரம்பிவிடும்.

ஒரு பேட்டையில் 100 நாய், பாதி பெட்டை. பெட்டைக்கு ஆண்டுக்கு 10 குட்டி. நூற்றில் 80 குட்டி செத்துவிடும். பெரிய நாயில் ஆண்டுக்கு 30 சாகும். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். நூற்றுக்கு 40 என்று ஆபரேஷன் செய்தால் 30 பெட்டை மிச்சம், 300 குட்டி, பிழைப்பது 60. செத்தது 30. நாய் கூடத்தான் செய்யும்! நூற்றுக்கு 70 என்று செய்தால் பிழைப்பதும் 30, சாவதும் 30. அங்கேதான் எண்ணிக்கை நிற்கிறது. அதிகாரிகளும் கால்நடை டாக்டர்களும் 70 சதவீதம் என்று சொல்வது இதனால்தான். அதுவும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். இந்த ஆண்டு இந்த வார்டு, அடுத்த ஆண்டு அந்த வார்டு என்றால் பணம்தான் போகும்.

சரி, பாதி நாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்? மிச்சம் உள்ள 50-க்கும் தீனி இரட்டிப்பு. குட்டி சாவது குறையும். நூற்றில் 60 தான் சாகிறது என்றால் 25 பெட்டைக்குப் பிறந்த 250-ல் 100 பிழைக்கும். அடுத்த ஆண்டே பழைய நூறு. சென்னை மாநகராட்சி பல தலைமுறையாக நாயைப் பிடித்துக் கொன்றும் குறையாமல், 1996-ல் கருத்தடைக்கு மாறியதன் பின்னணி இதுதான்.

ஆகவே ரெயில் நிலையத்து நாயைப் பிடிக்கும் உத்தரவோடு, ஸ்டேஷன் கேன்டீன் எச்சிலையும், வெளியே கோழிக்கடைக் கழிவும் எங்கே போகிறது என்று கேட்டிருக்க வேண்டும். காப்பகம் கட்டச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் குப்பை அள்ளுவதற்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கழுகு விஷயத்தில் அரசாங்கம் தாமதமாகவேனும் கணக்கைக் கேட்டது. மாட்டுக்கு டைக்ளோபினாக் போடுவது 2006-ல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான மருந்தைப் பெரிய குப்பியில் வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் 3 மில்லி சிறு குப்பி மட்டும் போதும் என்று கட்டுப்பாடு வந்தது. மருந்து கம்பெனிகள் வழக்கு போட்டன. சென்னை ஐகோர்ட்டு 2017-ல் அதைத் தள்ளுபடி செய்தது. கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகிய மருந்துகளை மாட்டுக்குப் போட 2023-ல் தடை வந்தது. கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் கடையில் கிடைக்கிறது.

நீலகிரி மோயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கழுகு பறக்கிறது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா சேர்ந்து எடுத்த கணக்கில் 2023 தொடக்கத்தில் 246, டிசம்பரில் 320. சந்தோஷம்தான். ஆனால் ஜோடிக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் அப்படிப் பெருகாது. தேடிய கண்கள் கூடியதும் காரணமாக இருக்கும்.

விஷ மருந்து அடியோடு நின்று, ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டால், கழுகு இரட்டிப்பாக 14 ஆண்டு. ஆயிரத்தில் ஒன்று மறுபடி ஆயிரம் ஆகப் பத்து முறை இரட்டிப்பாக வேண்டும். 140 ஆண்டு.