கண்ணாடியில் தெரியாத தசைநார்

கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வைத்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒரு தசைநார் புடைக்கிறதா? பால்மாரிஸ் லாங்கஸ். புடைக்காவிட்டால் பயப்படாதீர்கள். சிலருக்கு அது கிடையாது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். குடி முழுகிவிடாது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 2015-ல் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியை வைத்து உடற்கூறு சொல்லித்தரலாம் என்று மேடையில் காட்டியது. மாணவர்கள் சுற்றி நிற்க, நடுவே அந்தரத்தில் ஓர் உடம்பு. தோலை உரிக்கலாம், எலும்பை மறைக்கலாம், இதயத்துக்குள் எட்டிப் பார்க்கலாம். ஃபார்மலின் நாற்றமில்லை. பிரமாதம்தான், தட்டைப் படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

'அப்புறம் பிணம் எதற்கு சார்?' என்று சிலர் கேட்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

இரண்டாம் நூற்றாண்டில் கேலன் மிருகங்களை அறுத்துப் பார்த்துவிட்டு, மனிதனின் கீழ்த்தாடையில் இரண்டு எலும்பு என்று எழுதிவைத்தார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாத்தியார்கள் அதையே ஒப்பித்தார்கள். வெசாலியஸ் மனித உடலைத் தன் கையால் அறுத்துப் பார்த்து, 'ஒன்றுதானய்யா' என்று 1543-ல் புத்தகம் போட்டார். பிணம் புத்தகத்தைத் திருத்தியது. ஹோலோகிராம் திருத்துமா? வரைந்தவருக்குத் தெரிந்ததுதானே அதில் இருக்கும்!

மாறுதல்களையும் புரோகிராம் பண்ணிவிடலாம் என்பார்கள். தெரிந்த மாறுதல்களைப் பண்ணலாம். பித்தப்பை ஆபரேஷனில் குழாய் இடம் மாறியிருந்து, தவறானதை வெட்டிவிடும் ஆபத்து சர்ஜன்களுக்கு நன்றாகவே தெரியும். கொழுப்புக்கு நடுவே விரலால் துழாவித் தேடுவதை எந்தக் கண்ணாடி சொல்லித்தரும்? அதில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு. உள்ளே யாரும் பெயின்ட் அடித்துவைக்கவில்லை.

தவிர, 2024-ல் மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பையே நிறுத்திவிட்டது. மனித உடம்போ வெகுகாலமாக வெர்ஷன் மாறாமல் இருக்கிறது.

தாய்லாந்தில் தானமாக வந்த உடலை மருத்துவ மாணவர்கள் 'பெரிய ஆசிரியர்' என்கிறார்கள். அந்த ஆசிரியரை ரிட்டயர் பண்ணாதீர்கள். கண்ணாடி பக்கத்தில் உதவிக்கு நிற்கட்டும். கத்தியோடு வருகிறவர் ஒரு நிஜ உடம்பைப் பார்த்து ஏற்கெனவே ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். அவருடைய முதல் ஆச்சரியம் உங்கள் வயிற்றில் வேண்டாம்.