“நான் வெளியே நின்றுதான் குடிக்கிறேன் டீச்சர்!”



எங்கட ஊரில் சிகரட் குடிக்கிற ஆண்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஒரு வசனம் இருக்கிறது. “நான் வீட்டுக்குள்ள குடிக்கிறல்ல டீச்சர். பிள்ளைகள் தூங்கின பிறகு, வெளிய நின்டுதான்.” பெற்றோர் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன். சொந்தத்துக்குள்ளேயும் கேட்டிருக்கிறேன். சொல்லி முடிக்கும்போது முகத்தில் ஒரு திருப்தி வரும். வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமையெல்லாம் செய்து முடித்துவிட்ட திருப்தி.

இந்தப் பதிவு அந்த வசனத்துக்கு எதிரானது. அதையும் நான் பூனைகளின் பக்கம் நின்று எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் நிற்கிறேன்.

முதலில் அந்த “வெளியே” எது என்று பார்ப்போம். வயலோ கடற்கரையோ இல்லை. வீட்டு விறாந்தை. ஹோல் கதவிலிருந்து நாலு அடி. கதவு திறந்து கிடக்கும், உள்ளே பேன் சுற்றும். விறாந்தையின் மூலையில் மகன் ஆசைப்பட்டு வாங்கின லவ்பேர்ட்ஸ் கூடு தொங்கும். பிளாஸ்டிக் கதிரைக்குக் கீழே பூனை படுத்திருக்கும். வாப்பா குடித்து முடித்துக் கட்டையைப் பூச்சட்டியில் குத்திவிட்டு, அதே சேர்ட்டோடு, அதே சாரத்தோடு வந்து செட்டியில் சாய்வார். பூனை ஓடிவந்து மடியில் ஏறும். அதே விரலால் அதன் தலையைத் தடவுவார்.

அந்தத் தடவலில்தான் என் முறைப்பாடு தொடங்குகிறது.

புகை கண்ணுக்குத் தெரியாமல் போனவுடன் போய்விட்டது என்று நினைக்கிறோம். போவதில்லை. நிக்கோட்டின் ஒட்டும் சாமான். சுவரில், திரைச்சீலையில், மெத்தையில், துணியில், முடியில், தோலில் ஒட்டிக்கொள்ளும். குடிக்கிறவர் இழுப்பது முதற்புகை, பக்கத்தில் இருப்பவர் இழுப்பது இரண்டாம் புகை. அணைத்த பிறகும் வீட்டில் ஒட்டிக்கிடக்கும் இந்தப் படிவுக்கு விஞ்ஞானிகள் மூன்றாம் புகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண்களின் சாரமும் சேர்ட்டும் கழுவுகிற பெண்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊறப்போட்ட வாளியிலேயே அந்த மணம் எழும்பும்.

அந்தப் படிவு சும்மாவும் கிடப்பதில்லை. அமெரிக்காவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தில் 2010இல் ஒரு விடயத்தைக் காட்டினார்கள். மேற்பரப்பில் ஒட்டிய நிக்கோட்டின், காற்றில் இருக்கும் நைத்திரசு அமிலத்தோடு தாக்கமடைந்து, புகையிலைக்கே உரிய நைத்திரோசமீன்களாக மாறுகிறது. புற்றுநோயை உண்டாக்கும் சேர்வைகள் அவை. அந்த நைத்திரசு அமிலம் வீட்டுக்குள் எங்கிருந்து வருகிறது? கேஸ் அடுப்பு எரிவதிலிருந்தும் வரும். ஆக, சிகரட்டை அணைத்த பிறகும் சுவரில் சமையல் நடக்கிறது.

“வெளியே நின்று” என்ற வசனத்துக்கும் பதில் இருக்கிறது. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளையைப் பாதுகாக்க வேண்டும் என்று வெளியே போய்க் குடிக்கிறவர்களின் வீடுகளில், யாருமே குடிக்காத வீடுகளை விட 5 முதல் 7 மடங்கு மாசு இருந்தது. உள்ளே குடிக்கும் வீடுகளில் அதை விடவும் மோசம், அது உண்மை. வெளியே போவதால் குறைகிறது. ஆனால் இல்லாமல் போவதில்லை. அதே ஊரில் இன்னொரு ஆய்வு. குடிக்கிறவர்கள் வீட்டைக் காலி செய்து போய், வீடு துப்புரவாக்கப்பட்டு, 2 மாதம் சும்மா கிடந்த பிறகும் நிக்கோட்டின் அங்கே இருந்தது.

இப்போது பூனைக்கு வருவோம்.

பூனையின் குணம் எல்லோருக்கும் தெரியும். விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பங்கை அது தன்னை நக்குவதிலேயே செலவழிக்கும். காலை நக்கி முகத்தைத் துடைக்கும், முதுகை வளைத்து வாலின் நுனி வரை போகும். அதுதான் அதன் குளிப்பு. உடம்பில் எது ஒட்டினாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதன் வயிறு. நாங்கள் மேலுக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுக்கு கானுக்குள் போகிறது. பூனை குளித்தால் அழுக்கு பூனைக்குள் போகிறது. தரையில் படுக்கிறது, செட்டியில் உரசுகிறது, வாப்பாவின் மடியில் புரளுகிறது, பிறகு இருந்து ஆறுதலாக எல்லாவற்றையும் நக்கி விழுங்குகிறது. இழுக்கிற மூச்சிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போகும், வாப்பா கடைக்குப் போவார், பூனை அநேகமாக நாள் முழுக்க அந்த வீட்டிலேயே கிடக்கும்.

அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு வந்த பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. நிணநீர்ப் புற்றுநோய் வந்த 80 பூனைகளையும், சிறுநீரக வருத்தத்தோடு வந்த 114 பூனைகளையும் ஒப்பிட்டார்கள். வீட்டில் புகைக்கு ஆளான பூனைக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகை இல்லாத வீட்டுப் பூனையை விட 2.4 மடங்கு. 5 வருடம் அல்லது அதற்கு மேல் அப்படி வாழ்ந்த பூனைக்கு 3.2 மடங்கு. 80 என்பது பெரிய எண்ணிக்கை இல்லை என்று விஞ்ஞானப் பாடம் படித்த யாராவது சொல்வீர்கள், சரிதான். ஆனால் வருடம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறதே, அதை என்ன செய்வது? ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பூனை நாய்களின் முடியை எடுத்தே நிக்கோட்டினை அளந்திருக்கிறார்கள். குடிக்கிறவரின் கணக்கு மிருகத்தின் முடியில் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கட ஊரில் இதையெல்லாம் யார் அளந்தார்கள்? அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு மாட்டோடு போகிறோம், ஆட்டோடு போகிறோம். பூனை மெலிந்தால் “பூச்சியாக்கும்” என்போம். சாப்பிடாமல் கிடந்தால் “எங்கயோ அடி வாங்கி வந்திருக்கு” என்போம். செத்தால் வேலியோரம் ஒரு குழி. என்ன வருத்தத்தில் செத்தது என்று பார்த்தவர் யாரும் இல்லை. அதனால்தான் “எங்கட பூனைக்கு ஒன்டும் ஆகல்லியே” என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

குருவிகளின் நிலை இன்னும் மோசம். பறவையின் சுவாசம் எங்களுடையது மாதிரி இல்லை. நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து வேலை செய்யும், ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசனை நன்றாக உறிஞ்சி எடுக்கும். நல்ல காற்றை அப்படி எடுக்கிற உடம்பு கெட்ட காற்றையும் அப்படியே எடுக்கும். பூனைக்காவது எழும்பிப் போகக் கால் இருக்கிறது. கூட்டுக்குள் இருக்கிற லவ்பேர்ட்ஸ் எங்கே போகும்? நிக்கோட்டின் ஒட்டிய கையால் பிடித்தால் காலின் தோல் எரிச்சலாகி, தன் இறகைத் தானே பிடுங்கும் பறவைகளும் உண்டு. “ஜோடி சரியில்ல” என்று கடைக்காரரிடம் மாற்றிக்கொண்டு வருகிறோம். (இந்த இடத்தில் பெண்களுக்கும் ஒன்று. சிகரட் மணம் போக வேண்டும் என்று ஊதுபத்தியும் சாம்பிராணியும் கொளுத்தினால் புகைக்கு மேல் புகைதான். கூட்டுக்குக் கீழே கொளுத்தவே கூடாது.)

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இனித்தான்.

பிள்ளைக்கு முட்டு வருகிறது. இரவில் இழுக்கிறது, பம்ப் அடிக்கிறார்கள். வீட்டில் விசாரணை நடக்கிறது. தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: “பூனை மயிர்!” அடுத்த நாள் பூனை சாக்குக்குள். மோட்டார் சைக்கிளில் கட்டி மீன் சந்தையடியில் அவிழ்த்து விட்டுவிட்டு வருவார்கள். கொண்டுபோய் விட்டவர் திரும்பி வந்து, அந்தக் கவலை தீர விறாந்தையில் நின்று ஒன்று பற்ற வைப்பார்.

பூனையால் ஒவ்வாமை வருவது பொய் இல்லை. அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால் சில பிள்ளைகளுக்கு முட்டு வரும். அதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும், சொன்னால் பூனைக்கு நல்ல வீடு தேடுவோம். ஆனால் சிகரட் புகை பிள்ளைகளின் முட்டைக் கூட்டும் என்பது எந்த வைத்தியரும் சொல்லும் விடயம். ஒரே வீட்டில் இரண்டு சந்தேக நபர்கள் இருக்க, வாயில்லாததை மட்டும் பிடித்து நாடு கடத்துவது என்ன நீதி? வகுப்பில் முட்டுள்ள பிள்ளைகளை விசாரித்துப் பார்க்கிறேன். “பூனைய உட்டுட்டம் டீச்சர்” என்று சொல்லும் பிள்ளையிடம் “வாப்பா சிகரட்ட உட்டாரா?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். அந்தக் குனிவை அந்த வாப்பாமார் ஒரு நாளாவது வந்து பார்க்க வேண்டும்.

பூனை என்றால் எங்கட ஆட்களுக்கு மார்க்கம் உடனே ஞாபகம் வரும். அபூஹுரைரா நாயகத்தின் பட்டப்பெயர், பூனை வாய் வைத்த பாத்திரத்துத் தண்ணீரின் சட்டம் எல்லாம் சொல்வோம். “எங்கட மார்க்கத்தில பூனைக்கு எவ்வளவு மதிப்பு பாத்தீங்களா” என்று மற்றவர்களுக்கு வீடியோவும் அனுப்புவோம். பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியும் எங்களுக்குத் தெரியும். அதைச் சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் கேட்டு நாங்கள் எல்லோரும் பயந்தவர்கள்தான். அந்தப் பெண் பசியால் கொன்றாள். நஞ்சை நக்க வைத்து, மெதுமெதுவாக, அன்பாகத் தடவிக்கொண்டே கொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று உலமாக்கள் ஒரு ஜும்ஆவில் பேசினால் நல்லது. மக்ரூஹா ஹராமா என்று கடையடியில் வாதிடுகிறவர்களுக்கு நான் பத்வா கொடுக்க வரவில்லை. அடுத்தவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லையே. அந்த “அடுத்தவர்” பட்டியலில் நாலு கால் உள்ளதும் வரும்.

நாட்டுச் சட்டம் இங்கே உதவாது. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் வந்து, மூடிய பொது இடங்களில் புகைப்பது தடை, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது தடை. நல்ல சட்டம். ஆனால் அது வீட்டு வாசலோடு நின்றுவிடும். வாசலுக்கு உள்ளே குடிக்கிறவரின் மனச்சாட்சிதான் பொலிஸ்.

இனி கொமண்டில் என்ன வரும் என்றும் தெரியும். “மனிசனுக்கே மருந்தில்லாத நாட்டில பூனைக்கு மாநாடா?” என்று ஒரு காக்கா கட்டாயம் எழுதுவார். காக்கா, நான் பூனைக்கு மருந்து கேட்கவில்லை. நீங்கள் நிறுத்தினால் ஒரு சதமும் செலவில்லை, மிச்சம்தான். அதோடு பூனை படுக்கிற தரையில்தான் உங்கட பேரப்பிள்ளை தவழுகிறது. பூனை காலை நக்குகிறது, பிள்ளை கையைச் சூப்புகிறது. இரண்டுக்கும் போவது ஒரே படிவு. பூனைக்காகக் கேட்டால் வெட்கமாக இருந்தால் பேரப்பிள்ளைக்காகக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“உடனே நிறுத்த ஏலாது டீச்சர்” என்பவர்களையும் நான் நம்புகிறேன். அது இலேசான அடிமைத்தனம் இல்லை, வைத்தியரிடம் போய்க் கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் நிறுத்தும் வரைக்கும் விறாந்தையை விட்டு இறங்கி, கேட்டுக்கு அப்பால் போங்கள். உள்ளே வந்ததும் சேர்ட்டைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவிவிட்டுப் பூனையைத் தொடுங்கள். கட்டையைப் பூச்சட்டியில் குத்த வேண்டாம். குட்டிகள் உருட்டி விளையாடும், கடிக்கும். அந்தக் கட்டையில் மிச்சம் இருக்கும் நிக்கோட்டின் வாயில் நுரை தள்ளவும், வாந்தியும் நடுக்கமும் வரவும் போதும். பூனை படுக்கும் துணியைக் கிழமைக்கு ஒரு தரம் துவைத்துப் போடுங்கள். லவ்பேர்ட்ஸ் கூட்டை இன்றைக்கே விறாந்தையிலிருந்து கழற்றுங்கள். இவ்வளவும் செய்தாலும் முழுதாகத் தப்ப முடியாது, குறையும்.

பெண்களே, உங்கட வீட்டில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் துணியொன்றை நனைத்துப் பிழிந்து, அவர் வழமையாக இருந்து குடிக்கும் இடத்துச் சுவரை, கண்ணாடியை, மேலே உள்ள பேன் இறக்கையை ஒரு தரம் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவும் ஒட்டியிருக்கும். மஞ்சளாக வந்தால் படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டாம். மடித்து, இரவுச் சாப்பாட்டு மேசையில் அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வையுங்கள்.