முறையீட்டுக்கும் மொழித்தடையா?

ஒற்றைச் சிலம்பேந்திக் கண்ணகி பாண்டியன் வாயிலில் நின்றபோது, அவளது முறையீட்டுக்கு வேற்றுமொழிப் பெயர்ப்பு எங்கே என்று வாயிற்காவலன் வினவினானில்லை. அவள் தமிழிற் கூறினாள். அரசன் தமிழிற் கேட்டான். தன் பிழை உணர்ந்தான். முடியாட்சியில் கணவனை இழந்த ஒருத்திக்கு இருந்த அவ்வுரிமை, குடியாட்சி என்று பறைசாற்றப்படும் இந்நாளில் தமிழனுக்குத் தில்லி வாயிலில் உண்டா?

மக்களவையில் முறையீட்டுக் குழு என்றொரு குழு உள்ளது. வெள்ளையராட்சியில் 1924ஆம் ஆண்டு அமைந்த குழுவின் வழிவந்தது அது. அதில் பதினைந்து உறுப்பினர்க்குக் குறையாது இருப்பர். அமைச்சர் எவரும் இடம்பெறார். குடிமக்களின் முறையீட்டை அது ஆராயும், சான்று கேட்கும், குறை களையவும், அக்குறை மீண்டும் நேராது தடுக்கவும் வழிகூறி அவைக்கு அறிக்கை தரும். அவை முன்னுள்ள சட்டவரைவுகள் பற்றியும் அதனிடம் முறையிடலாம். நல்ல ஏற்பாடே! ஆனால், அதன் கதவில் தொங்கும் பூட்டைப் பாருங்கள்.

முறையீடு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிற இந்திய மொழியில் இருப்பின், இந்தி அல்லது ஆங்கிலப் பெயர்ப்பு ஒன்றை இணைத்து, அதிலும் முறையிடுவார் ஒப்பமிடல் வேண்டும் என்கின்றன மக்களவை நடைமுறை விதிகள். தொடர்வண்டியும் அஞ்சலும் கடலெல்லையும் நடுவணரசின் கையில் உள்ளன. அவற்றால் இடருறும் நாகை மீனவன், தான் படித்தறிய இயலாத தாளில் ஒப்பமிட்டால்தான் அவன் குரல் கேட்கப்படும்! தன் துயரைத் தானே படிக்கவியலாதவனாக ஒருவனை ஆக்கிவிட்டு, அவன் குறையைக் கேட்கிறோம் என்பது எத்துணைக் கொடிய நகைப்பு!

அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் உறுப்பு என்ன கூறுகிறது? குறைதீர வேண்டி நடுவணரசின் எந்த அலுவலர்க்கும் ஆணையர்க்கும், ஒன்றியத்தில் வழங்கும் எம்மொழியிலும் முறையிட எவர்க்கும் உரிமையுண்டு என்கிறது. நாடாளுமன்றம் அவ்வகையுள் அடங்காது எனச் சொல்நுணுக்கம் பேசுவாரும் உளர். கடைநிலை அலுவலன் தமிழிற் பெறக் கடமைப்பட்டதைத் தமிழரும் தேர்ந்தெடுத்த மன்றம் பெற மறுக்கலாமென்றால், அம்மன்றம் யாருடையது?

1852இல் சென்னைவாசிகள் சங்கத்தார் இங்கிலாந்தின் பாராளுமன்றத்துக்கு முறையீடு விடுத்தனர். அதன் தொடர்ச்சியாக எழுந்த கிளர்ச்சியால், வரித்தண்டலில் குடியானவர் வதைக்கப்பட்ட கொடுமை 1855ஆம் ஆண்டு ஆய்வறிக்கையில் வெளிப்பட்டது. முறையீட்டின் ஆற்றல் அத்தகையது. அன்று ஆண்டவன் ஆங்கிலேயன், ஆங்கிலத்தில் எழுதினோம். இன்று ஆள்பவர் யார்?

மொழிபெயர்க்கச் செலவும் காலமும் மிகும் என்பர். மாநிலங்களவையில் உறுப்பினர் 22 மொழிகளில் பேசவும் அது உடனுக்குடன் பெயர்த்துரைக்கப்படவும் 2018 முதல் ஏந்து உண்டு. உறுப்பினரின் பேச்சை நொடியிற் பெயர்க்க முடியும். அவரைத் தேர்ந்தனுப்பிய குடிமகனின் இரண்டு பக்கத் தாளைப் பெயர்க்க முடியாதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் பாராளுமன்றம் 24 மொழிகளுள் எதில் முறையிட்டாலும் ஏற்று, அம்மொழியிலேயே மறுமொழி விடுக்கிறது. அதனால் அவ்வொன்றியம் சிதறிவிடவில்லை.

முறையீட்டில் தொடங்கும் இப்புறக்கணிப்பு சட்டத்திலும் தொடர்கிறது. 2023இல் தண்டனைச் சட்டம் முதலிய மூன்றுக்கு மாற்றான வரைவுகள் உள்துறை நிலைக்குழுவின் ஆய்வுக்கு வந்தன. 'பாரதிய நியாய சங்கிதை' முதலான பெயர்களைத் தமிழ்நாட்டு உறுப்பினர் எதிர்த்தனர். உள்ளே உள்ள உரை ஆங்கிலமாதலின் பெயர் குற்றமன்று என்றது குழு. தலை வடமொழி, உடல் ஆங்கிலம்; அச்சட்டத்தால் தண்டிக்கப்படுபவன் மட்டும் தமிழன்!

நம் சட்டமன்றமேனும் தப்பியதா? அதன் குழு தமிழில் முறையீடு பெறலாம். மன்றம் தமிழிலேயே சட்டம் இயற்றலாம். ஆயினும், ஆளுநரின் ஆணையால் வெளியிடப்படும் ஆங்கிலப் பெயர்ப்பே செல்லத்தக்க மூலம் என்கிறது 348ஆம் உறுப்பு. பெற்ற பிள்ளை பொய். அதன் நிழல் மெய்யாம்!

தமிழ்மக்களே! நாம் கேட்பன மூன்று. எட்டாம் பட்டியலின் எம்மொழி முறையீட்டையும் பெயர்க்கும் பொறுப்பு அவைச் செயலகத்தையே சாரவேண்டும். மக்கள் கருத்துக் கேட்கும் சட்டவரைவு எதுவும் தமிழிலும் வெளிவரல் வேண்டும். தமிழில் இயற்றிய சட்டத்துக்குத் தமிழே மூலமாதல் வேண்டும். இவை நிறைவேறும்வரை, நடுவணரசின் எவ்வலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதுங்கள். 350ஆம் உறுப்பை முதல் வரியிலேயே சுட்டுங்கள். மக்களவை உறுப்பினர் உங்கள் ஊருக்கு வரும்போது இவ்விதியை மாற்ற என்ன செய்தாரென்று வினவுங்கள். கேளாத செவிக்கு நம் மொழியை மாற்றிப் பேசுவது அடிமை வழக்கம். செவியைத் திறக்கச் செய்வதே உரிமை வாழ்வு!